கண்டல் காட்டின் வரவு யார் பேரில் விழும்?

காட்டையும் சதுப்பையும் கரையோரத்தையும் காப்பாற்றப் பணம் திரட்டுவதற்கு உலகில் இன்று ஒரு புதிய வழி பேசப்படுகிறது. அழிந்த நிலத்தை மீட்டெடுத்து, அந்த மீட்சியை அளந்து, அதற்குச் சான்றிதழ் எழுதி, சந்தையில் விற்பதுதான் அந்த வழி. நிலத்தை வைத்திருக்கும் ஏற்பாட்டை வாழிட வங்கி என்கிறார்கள். விற்கப்படும் சான்றிதழை உயிர்ப்பல்வகைமைக் கிரெடிட் என்கிறார்கள். கிரெடிட் என்றதும் வங்கிக் கடன் என்று நினைக்க வேண்டாம். பற்று, வரவு என்று கணக்கு எழுதுகிறோமே, அதில் வரும் வரவுதான் இது. நாம் இதை உயிர்ப்பல்வகைமை வரவு என்றே சொல்வோம்.

மன்னார் பெருநிலக் கரையில் பாப்பாமோட்டையிலிருந்து விடத்தல்தீவுப் பக்கமாக நீளும் கண்டல் காடும் சேற்றுவெளியும் இப்படிப்பட்ட சந்தைக்கு மிகவும் பொருத்தமான சரக்கு. மலைநாட்டுத் தோட்டங்களின் ஓடைக்கரைகளும், கைவிடப்பட்ட தேயிலை மலைகளும், தோட்டங்களுக்கு மேலே உள்ள காட்டுத் துண்டுகளும் அப்படியே. ஆகவேதான் மன்னார் கடற்கரையைப் பற்றித் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் மடலில் எழுதுகிறோம். இரண்டு இடத்திலும் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து உழைக்கிறார்கள். இரண்டு இடத்திலும் பெரும்பாலானவர்களின் கையில் காணி உறுதி இல்லை. வரவு எழுதும்போது பேரேட்டில் யார் பேர் விழும் என்பதே எமது கேள்வி.

வரவு எப்படி உண்டாகிறது?

ஒரு காணிக்காரர், ஒரு கம்பனி, அல்லது அரசாங்கத் திணைக்களம் ஒரு நிலத்தை ஒதுக்குகிறது. அங்கே மரம் நட்டு, களை நீக்கி, நீரோட்டத்தைச் சரிசெய்து, 30 ஆண்டு போன்ற ஒரு நீண்ட காலத்துக்குக் காப்பதாக ஒப்பந்தம் எழுதுகிறது. நிபுணர்கள் வந்து செடி, கொடி, பறவை, மீன் எல்லாவற்றையும் எண்ணி, நிலம் எவ்வளவு தேறியிருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். அந்தத் தேற்றம் அலகு அலகாகப் பிரிக்கப்பட்டு விற்கப்படுகிறது.

வாங்குபவர்கள் இரண்டு வகை. வேறோர் இடத்தில் காட்டையோ சதுப்பையோ அழித்துவிட்டு, சட்டத்தின்படி ஈடு செய்ய வேண்டியவர்கள் முதல் வகை. எந்தக் கட்டாயமும் இல்லாமல், தம் கம்பனியின் நற்பெயருக்காக வாங்குபவர்கள் இரண்டாம் வகை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வகையில் ஒவ்வொரு வரவுக்கும் பின்னால் எங்கோ ஓர் அழிவு இருக்கிறது.

இங்கிலாந்தில் 2024 பெப்ரவரி 12 முதல், பெரிய கட்டட வேலை செய்பவர்கள் இயற்கைக்கு முன்பிருந்ததைவிடக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகத் திருப்பித்தர வேண்டும், அதை 30 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது சட்டம். தம் இடத்தில் முடியாவிட்டால் வேறிடத்தில் அலகு வாங்கலாம். கொலம்பியாவில் வாழிட வங்கிகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. அங்கே ஒரு மலைக்காட்டில், 10 சதுர மீற்றர் நிலத்தை 30 ஆண்டு காப்பதற்கு ஒரு வரவு என்று கணக்கிட்டு, ஒன்றை 25 டொலருக்கு விற்பனைக்கு வைத்தார்கள். அந்த விலைக்கு முழுவதும் விற்றால் ஒரு ஹெக்டேயருக்கு 1,000 வரவு, 25,000 டொலர் என்றாகிறது. சிறிய காசு அல்ல.

2022 டிசம்பரில் மொன்றியலில் கூடிய நாடுகள் உலகளாவிய உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை ஒன்றுக்கு வந்தன. 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது, ஆண்டுக்கு 20,000 கோடி டொலர் திரட்டுவது என்பன அதன் இலக்குகளில் இரண்டு. பணம் திரட்டும் வழிகளில் ஒன்றாக இந்த வரவுகளும் அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளன. இலங்கையும் இதில் பங்காளி.

எமது நாட்டிலும் விதை போட்டாயிற்று. தனியார் கம்பனிகளின் அமைப்பான பயோடைவர்சிட்டி ஸ்ரீலங்கா, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தோடும் ஐ.யூ.சி.என். அமைப்போடும் சேர்ந்து, கன்னெலிய காட்டை அடுத்த ஓப்பாத்தையில் 10 ஹெக்டேயர் சீரழிந்த நிலத்தை மீட்கும் வேலையைச் செய்தது. பணம் கொடுத்த கம்பனிகளுக்கு அந்த மீட்சியை வரவாகக் கணக்கிட்டுக் கொடுக்கும் முறை அங்கே பரீட்சிக்கப்பட்டது. பத்து ஹெக்டேயரில் பழகிய கை நாளை பத்தாயிரத்துக்கு நீளும்.

பாப்பாமோட்டைக் கரை சொல்லும் பாடம்

மாந்தை மேற்கில், மன்னாரிலிருந்து பூநகரி போகும் வீதியில் இருக்கிறது பாப்பாமோட்டை. போரில் இடம்பெயர்ந்து திரும்பிய மக்கள் வாழும் பகுதி. கடலுக்கும் ஊருக்கும் நடுவே கண்ணாவும் கண்டலும் அடர்ந்த ஓடைகள். இறால், நண்டு, மீன்குஞ்சு எல்லாம் அந்த வேர்களுக்குள்தான் வளர்ந்து கடலுக்குப் போகின்றன. வெளியே விரியும் சேற்றுவெளியில் மாரிகாலத்தில் வடக்கேயிருந்து வரும் பறவைகள் இரை தேடுகின்றன. அதற்கும் அப்பால் கடற்புல் படுக்கை, ஆவுளியா மேயும் இடம். காடு போனால் வலையில் ஒன்றும் இருக்காது என்பது அந்தக் கரையில் மீன் பிடிப்பவர்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

2016இல் இந்தக் கரையில் 29,180 ஹெக்டேயர் நிலமும் கடலும் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதம், அன்றைய வனஜீவராசிகள் அமைச்சர் இன்னொரு வர்த்தமானி வெளியிட்டு அதில் 168 ஹெக்டேயரை விடுவித்தார். நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான கைத்தொழில் பேட்டை ஒன்றுக்காக அந்த நிலம் கேட்கப்பட்டது. சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது.

இறால் பண்ணை என்றால் என்ன நடக்கும் என்பதைப் புத்தளம், சிலாபம் கரையில் நாடு ஏற்கனவே பார்த்துவிட்டது. 1980களிலும் 90களிலும் கண்டலை வெட்டிக் குளம் தோண்டினார்கள். வெண்புள்ளி நோய் வந்து இறால் செத்தது. முதலாளிகள் போனார்கள். உப்புப் பூத்த வெற்றுக் குளங்கள் மிஞ்சின. இன்று ஆனைவிழுந்தானில் அப்படிக் கைவிடப்பட்ட குளங்களில் கண்டலைத் திரும்ப வளர்க்க ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறார்கள்.

இந்த வழக்கில் எமக்கு முக்கியமானது ஆண்டுக் கணக்கு. 2016இல் அரசாங்கம் கோடு போட்டது. எட்டே ஆண்டில் அதே அரசாங்கம் அதே பேனாவால் கோட்டை அழிக்கப் பார்த்தது. வாழிட வங்கி விற்பது 30 ஆண்டு வாக்குறுதியை. வர்த்தமானியில் அச்சான வாக்குறுதி எட்டு ஆண்டு தாங்காத நாட்டில் 30 ஆண்டு வாக்குறுதிக்கு யார் பிணை? வாங்கிய கம்பனி சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிடும். கோடு அழிந்தால் நட்டம் கரையில் இருப்பவனுக்கு.

காகிதம் இல்லாதவனுக்கு நிலம் இல்லை

இது எமக்குப் பழைய கதை. 1840இல் வெள்ளைக்கார அரசாங்கம் முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பயிர் செய்யாத, உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குச் சொந்தம் என்று அந்தச் சட்டம் எடுத்துக்கொண்டது. தலைமுறைகளாக அந்தக் காட்டில் சேனை செய்தவர்களிடமும் மாடு மேய்த்தவர்களிடமும் காகிதம் இல்லை. மலை முழுவதும் கோப்பித் தோட்டமாயிற்று. அந்தத் தோட்டங்களுக்குக் காடு வெட்டவும் கன்று நடவும் எமது முன்னோர் இதே மன்னார்க் கரையில் இறக்கப்பட்டு, மாத்தளை வரை காட்டுவழியே நடத்தப்பட்டார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கு இல்லை. அந்தப் பாதையைத்தான் 2023 யூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில் மீண்டும் நடந்தார்கள்.

சிங்களக் கிராமத்தவனின் காடு காகிதத்தால் போனது. நாம் இருநூறு ஆண்டு உழைத்த மலையும் காகிதத்தில் எமக்கில்லை. தோட்டக் காணி அரசாங்கத்துக்குச் சொந்தம், குத்தகை கம்பனிக்கு, லயம் தோட்டத்துக்கு. எமக்கு இருப்பது செக்ரோலில் ஒரு பேர் மட்டும்.

உயிர்ப்பல்வகைமை வரவும் காகிதம் உள்ளவனைத்தான் தேடி வரும். பாப்பாமோட்டைக் கரையில் அந்தக் காகிதம் திணைக்களத்திடம் இருக்கிறது. அந்தக் காட்டை வெட்டாமல் காத்துத் தந்த மீனவக் குடும்பத்திடம் இல்லை. காசு திணைக்களத்துக்கும் கம்பனிக்கும் போகும். ஊருக்கு வருவது வேலியும் அறிவிப்புப் பலகையும், நண்டு பிடிக்கப் போன பெண்ணின் பேரில் ஒரு வழக்கும். உரிமையை முதலில் எழுதாமல் வரவை முதலில் எழுதினால் இதுதான் நடக்கும். யாரும் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கணக்குப் புத்தகத்தின் அமைப்பே அப்படி.

தராசு யார் கையில்?

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாம் படும் பாடு தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. சாக்குக்கு என்று ஒரு கழிவு, ஈரத்துக்கு என்று ஒரு கழிவு. பறித்தது ஒரு எடை, பதிந்தது வேறு எடை. தராசைப் பிடித்தவன் சொல்வதே எடை. இயற்கையை நிறுக்கும் தராசுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

இலங்கையில் கண்டல் நடுகை செய்த 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சுனாமிக்குப் பின்னர் நல்லெண்ணத்தோடும் நிறையப் பணத்தோடும் செய்யப்பட்ட நடுகைகள். நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேயரில் உருப்பட்டது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். 23இல் 9 இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை. கண்ணா வளரும் உவர்வெளியிலும், எந்த மரமும் வளரக்கூடாத சேற்றிலும், பிடுங்கி ஊன்ற எளிது என்பதற்காகக் கண்டல் குச்சிகளைக் குத்திவிட்டுப் போனார்கள். நட்டபின் பார்க்க ஆள் இல்லை. மாடு மேய்ந்தது, பாசி மூடியது. ஆனால் நட்ட கன்றின் எண்ணிக்கை அறிக்கையில் ஏறியாயிற்று, படமும் எடுத்தாயிற்று.

தவறணையில் வேலை செய்த எந்தப் பெண்ணும் இதைக் கேட்டால் சிரிப்பாள். கன்று வைத்த அன்றே பயிர் வந்துவிட்டது என்று எந்தத் துரையும் கணக்கு எழுதுவதில்லை. நிழல் போட வேண்டும், களை எடுக்க வேண்டும், செத்த கன்றுக்குப் பதில் கன்று வைக்க வேண்டும். ஆண்டுகள் போன பின்தான் அது மலை. கண்டலுக்கும் அதே நியாயம். எந்த ஓடையில் எந்த மரம் நிற்கும், எந்தச் சேற்றைப் பறவைக்கு விட்டுவிட வேண்டும் என்பதை அந்த ஊர்க்காரரிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் இல்லாத தராசு கள்ளத் தராசு.

அங்கே அழி, இங்கே நடு

ஈடுசெய்தல் என்ற பேரில் எதுவரை போகலாம் என்பதற்கு இந்தியா ஓர் உதாரணம். பெரிய நிக்கோபார் தீவில் துறைமுகத்துக்கும் நகரத்துக்குமாக ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் மழைக்காட்டைக் கொடுக்க முடிவானது. அதற்கு ஈடாக மரம் நடத் தெரிந்தெடுத்த இடம், ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் வறண்டு கிடக்கும் ஹரியானா மாநிலம். கணக்கில் மரத்துக்கு மரம் சரி. அந்தத் தீவின் பழங்குடி மக்களுக்கு ஹரியானாவின் மரம் எதற்கு?

மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி திறக்கப்பட்டது. அதானி கம்பனி தனது திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் விலகியது. ஆனாலும் புதிய காற்றாலைகளுக்கும் இல்மனைட் மணல் அகழ்வுக்கும் எதிராக அந்த ஆண்டு ஓகஸ்டில் தீவு மக்கள் வீதியில் இறங்கினார்கள். நாளை ஒரு கம்பனி, தீவில் மணலைத் தோண்டிக்கொள்கிறோம், பாப்பாமோட்டைப் பக்கம் கண்டல் நட்டு வரவு வாங்கிவிடுகிறோம் என்று சொன்னால் என்ன பதில்? பேசாலை மீனவனையும் பாப்பாமோட்டை மீனவனையும் ஒருவருக்கொருவர் ஈடு வைக்கும் கணக்கு அது. அதை மறுக்க இப்போதே சொல்லிவைக்க வேண்டும்.

மலைக்கு வரும்போது

இதே ஏற்பாடு தோட்டத்துக்கு வந்தால் என்னவாகும்? குத்தகைக் கம்பனிகளின் பெரும்பாலான குத்தகைகள் 2045 வரை. இன்றைக்குத் தொடங்கி 30 ஆண்டுக்கு வாழிட வங்கி எழுதினால் குத்தகை முடிந்த பின்னும் அந்த நிலம் கட்டுப்பட்டிருக்கும். யாரைக் கேட்டு?

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மண்சரிவில் புதைந்த மலைகளில் எமது லயங்களும் இருந்தன. பாதுகாப்பான இடத்தில் வீடு கட்டக் காணி கேட்கிறோம். காணி இல்லை என்கிறார்கள். லயத்துக்குப் பின்னால் மரக்கறிப் பாத்தி போட்ட துண்டும், விறகு பொறுக்கும் ஓடைக்கரையும் நாளை வங்கிக்கணக்கில் போய்விட்டால், கேட்பதற்குக்கூட நிலம் மிஞ்சாது. சரிவான மலையில் காடு வேண்டும் என்பதை டித்வாவுக்குப் பிறகு எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அந்தக் காடு முதலில் காக்க வேண்டியது கீழே வாழ்பவனின் உயிரை. வீட்டுக்கான காணியைக் குறித்துக் கொடுத்த பின்தான் மிச்சத்தில் வரவு பேசலாம்.

பணம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு

காட்டைக் காக்கக் காசு வேண்டும், அரசாங்கத்திடம் இல்லை, தனியார் தருவதையும் தடுத்தால் காடுதான் அழியும் என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பேச்சு. நாம் தடுக்கவில்லை. கரையோரத்தில் கண்டல் வளர்ப்பதும், மலையில் காடு வளர்ப்பதும் உழைப்பு. அந்த உழைப்புக்கு வெளிநாட்டான் காசு தந்தால் உழைத்தவன் கைக்கு வரட்டும் என்கிறோம்.

2015இல் சீக்கொலஜி என்ற அமெரிக்க அமைப்பும் எமது நாட்டின் சுதீச அமைப்பும் சேர்ந்து, கண்டல் காடுகளைக் காக்கும் திட்டம் தொடங்கின. 15,000 பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும், பதிலுக்கு அவர்கள் கண்டலைக் காப்பார்கள். கரையோரப் பெண் இல்லாமல் காவல் இல்லை என்று ஒப்புக்கொண்டதை வரவேற்கிறோம். ஆனால் கடன் கூலி ஆகாது. கடன் திருப்பிக் கொடுக்க வேண்டியது. கூலி உழைத்துச் சம்பாதித்தது. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராடி 2021இல் பெற்ற நாம் இந்த வித்தியாசத்தை நன்றாக அறிவோம்.

ஆகவே எமது நிலைப்பாடு இது:

1. உரிமை முதலில், வரவு பிறகு. கரையில் மீன்பிடி, நண்டு, மேய்ச்சல் வழிகளும், தோட்டத்தில் வீட்டுக் காணி, பாத்தி, விறகு, நீர் வழிகளும் வரைபடத்தில் எழுதப்பட்டுச் சட்டப்படி உறுதியாகும்வரை எந்த நிலத்தையும் வாழிட வங்கியில் பதியக் கூடாது.

2. மீனவர் சங்கத்தின், தோட்ட மக்களின் சம்மதம் வேண்டும். ஒப்பந்தம் தமிழில் வாசித்துக் காட்டப்பட வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அதில் அடங்கும்.

3. நடுகை, களையெடுப்பு, காவல், கணக்கெடுப்பு எல்லாம் வேலை. சட்டப்படியான சம்பளம், ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, விபத்து நட்டஈடு வேண்டும். தொண்டர் என்று பேர் சூட்டியோ கொந்தராத்துக்காரன் மூலமோ வேலை வாங்கக் கூடாது.

4. நட்ட கன்றுக்கு வரவு இல்லை, ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடு நிற்கும் காட்டுக்கே வரவு. எண்ணும் குழுவில் ஊர்ப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். எத்தனை வரவு, யாருக்கு, என்ன விலைக்கு விற்றது என்ற பதிவேடு பிரதேச செயலகத்தில் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

5. விற்ற பணத்தில் நிர்ணயித்த பங்கு அந்த ஊரின் பொது நிதிக்கு நேரே போக வேண்டும்.

6. ஓர் ஊரின் அழிவுக்கு இன்னோர் ஊரின் காட்டை ஈடு காட்ட அனுமதிக்கக் கூடாது.

உயிர்ப்பல்வகைமை வரவுக்கென்று எமது நாட்டில் முழுமையான சட்டம் வருமுன்னர் இவற்றைப் பேச வேண்டும். சட்டம் வந்த பின் பேசினால் திருத்தம் கேட்டு இன்னும் இருபது ஆண்டு அலைய நேரிடும். குத்தகை ஒப்பந்தங்கள் எழுதப்பட்டபோது எம்மை யாரும் கேட்கவில்லை, நாமும் உரத்துக் கேட்கவில்லை. அதன் விலையை இன்றும் கொடுக்கிறோம்.

தோட்டக் கமிட்டிகள் இந்த ஆறு அம்சங்களையும் அடுத்த கூட்டத்தில் வாசித்து விவாதிக்க வேண்டும். தத்தம் தோட்டத்தில் காட்டுப் பாதுகாப்பு, மரநடுகை என்ற பேரில் நிலம் அளக்க யாராவது வந்தால், எந்தக் கம்பனிக்காக, எத்தனை ஆண்டுக்கு என்று கேட்டு எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அறிவிக்க வேண்டும். மன்னார் மீனவர் சங்கங்களோடு சேர்ந்து ஒரே கோரிக்கையாக இதை முன்வைக்க வேண்டும் என்பது எமது யோசனை. ஆற்றுக் கணக்குப் பார்த்துச் சேர வேண்டிய அவசியமில்லை. காகிதம் இல்லாத இரண்டு கூட்டம் சேர்ந்து நிற்க அந்த ஒரு காரணமே போதும்.